மெல்லிய கூந்தலைத் தாங்கும் கால்கள்

முடி நீளமாக வளர்ந்து, இழை மட்டும் மெலிசாக இருக்கும் பெண்களிடம் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் சொல்கிறார்கள்: "உன் முடியில் எதுவும் நிற்காது." கொண்டை போட்டால் அரைமணி நேரத்தில் சரிந்துவிடும், சீப்பு செருகினால் வழுக்கித் தோளில் விழும், ஆகவே தோள்வரை வெட்டிவிடு, இல்லையென்றால் ரப்பர் பேண்டை இறுக்கிப் போடு. இந்த அறிவுரை தவறு. முடியின் இயல்பையும், அதைத் தாங்குவதற்காக மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்த கருவிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கொண்டை நிற்பதும் விழுவதும் இழையின் பருமனைவிட முறுக்கையும், செருகும் கருவியின் கால்களையும், அதன் எடையையுமே பொறுத்தது என்பது விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "முடி மெலிசு" என்பதும் "முடி கம்மி" என்பதும் வேறு வேறு சங்கதிகள். தலையில் சராசரியாக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றின் விட்டமும் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரானுக்குள் அடங்கும். ஒருவருக்கு எண்ணிக்கை நிறைய இருந்து இழை மட்டும் மெலிதாக இருக்கலாம்; இன்னொருவருக்கு இழை தடிமனாக இருந்து எண்ணிக்கை குறையலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்வதில்தான் தொல்லை தொடங்குகிறது. இங்கே நாம் பேசுவது முதல் வகையைப் பற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 மைக்ரான் முடியையும் 50 மைக்ரான் முடியையும் எடுத்துக்கொள்வோம். கம்பி வடிவப் பொருள் எதுவானாலும் அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றும். ஆகவே தடித்த முடி மெல்லியதைவிட ஏறக்குறைய 6.5 மடங்கு விறைப்பானது. அறுந்துபோகும் எல்லையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தடித்த இழை சுமார் 100 கிராம் தாங்குமானால் மெல்லியது 40 கிராமில் அறுந்துவிடும். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் மெல்லிய முடிக்காரரின் கற்றை, தடித்த முடிக்காரரின் கற்றையில் ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கும். கொண்டை சின்னதாகத் தெரிவதற்கும், செருகிய ஊசியை முடி எதிர்த்துத் தள்ளாமல் இளகிக் கொடுப்பதற்கும் காரணம் இதுதான்.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஒரே பருமனுள்ள இரண்டு கற்றைகளைப் பக்கத்தில் வைத்தால், மெல்லிய முடிக் கற்றையில் இழைகள் 2.5 மடங்குக்கு மேல் இருக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 1.6 மடங்கு. இழையோடு இழை உரசும் இடங்கள் அங்கேதான் அதிகம். மெல்லிய முடிக்கு விறைப்பு இல்லை, ஆனால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியை வெளியே கொண்டுவருவதற்குத்தான் முறுக்கு வேண்டும்.

படகைத் துறையில் கட்டுகிறவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவகாசமாக நிற்பதைப் பார்த்திருப்போம். அதன் கணிதத்தை 18ஆம் நூற்றாண்டில் லெயோன்ஹார்ட் ஆய்லர் எழுதிவைத்தார். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று பிடியை 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்காக்கும். இந்தச் சூத்திரத்தில் கயிற்றின் தடிமனுக்கு இடமே இல்லை; சுற்றிய கோணமும் உராய்வும் மட்டுமே வருகின்றன. கூந்தலுக்கும் இது ஏறத்தாழப் பொருந்தும். வேர்ப்பக்கத்திலிருந்து நுனிவரை நன்றாக முறுக்கி, அந்த முறுக்கைத் தன்னைத் தானே சுற்றி வரும்படி கொண்டையாக்கினால், மெல்லிய முடி தடித்த முடிக்குச் சமமாகவே பிடித்து நிற்கும். முறுக்காமல் அள்ளிச் சொருகிய கொண்டை மெல்லிய முடியில் நிற்காமல் போவதில் வியப்பு இல்லை.

இப்படிச் சுற்றிய கொண்டையைத் தலையோடு பிணைக்கும் வேலைதான் இரண்டு கால் ஊசிக்கு. கடைகளிலும் இணையத்திலும் இப்போது ஹேர் ஃபோர்க் என்று விற்கிறார்கள். மரத்திலோ கொம்பிலோ உலோகத்திலோ செய்த, ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த கவை. நம் வீடுகளில் எப்போதும் கிடக்கும் வளைந்த கம்பிக் கொண்டை ஊசியும் இதே இனம்தான். அளவிலும் பலத்திலும் சிறியது. ஒற்றைக் கால் குச்சி செருகினால் கொண்டை அதை அச்சாகக் கொண்டு மெல்லத் திரும்பும், திரும்பத் திரும்பத் தளரும். இரண்டு கால் இருந்தால் அந்தச் சுழற்சிக்கு வழியில்லை. சுமையும் இரண்டாகப் பிரிந்து தலைத்தோலில் பரவுகிறது.

செருகும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். கவையை நேராகக் கொண்டைக்குள் குத்தினால் அது முடிக்குள் மிதக்குமே தவிரப் பிடிக்காது. முனைகள் கொண்டையின் நடுவைவிட்டு வெளிப்புறம் பார்க்கும்படி பிடித்து, கொண்டையின் விளிம்பிலிருந்து விரல் பருமனைவிடக் குறைவான முடியை முதலில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு கவையை அப்படியே கவிழ்த்து முனைகளை நடுப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பும்போதே முனை தலைத்தோலை ஒட்டிச் செல்லும். விளிம்புக்கு வெளியே படிந்திருக்கும் முடியிலிருந்து ஒரு சிறு பிடியை அள்ளும். இனி அதைக் கொண்டையின் அடியில் தள்ளிச் செலுத்தி மறுபக்கம் வெளியே எடுக்க வேண்டும். அங்கேயும் கொஞ்சம் விளிம்பு முடி மேலே வர வேண்டும். இப்போது முடி மேல், கீழ், மேல் என்று கால்களை மாறிமாறிக் கடந்திருக்கும். தையலூசி துணியில் போவதும் இப்படித்தான். சரியாகச் செருகியதற்கு அடையாளம் ஒன்று உண்டு: கடைசி அரை அங்குலம் தள்ளும்போது கை சிறிது தடை உணரும், தலையிலோ எந்த இடத்திலும் சுருக்கென்று இழுக்காது. இழுத்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுவதே நல்லது.

இந்தக் கவையின் வரலாற்றில் சீனத்துக்குத் தனி இடம் உண்டு. ஒற்றைக் கால் ஊசியும் இரட்டைக் கால் கவையும் அங்கே வெவ்வேறு அணிகளாகவே கருதப்பட்டன. பெண்ணுக்கு 15 வயதில் கூந்தலை முடிந்து ஊசி செருகுவது அவள் வளர்ந்துவிட்டாள் என்று அறிவிக்கும் சடங்கு. தாங் அரசகாலத்தில் (618–907) கொண்டைகள் உயர்ந்தபோது கவைகளும் நீண்டன, 30 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள வெள்ளிக் கவைகள் கிடைத்திருக்கின்றன. 1982இல் ஜியாங்சு மாகாணத்தின் ஜென்ஜியாங் அருகே டிங்மாவ் பாலத்தில் புதையுண்ட வெள்ளிக் குவியல் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அதில் நூற்றுக்கணக்கான கவைகள் இருந்தன. அக்காலக் கவைகளைக் கவனித்தால், உருண்டு நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் கால்களும், மெல்லிய தகட்டில் துளையிட்டுச் செய்த தலைப்பகுதியும் தெரியும். வெள்ளி கனமான உலோகம். கொம்பைப் போல 8 மடங்கு அடர்த்தி. அந்தக் கனத்தைக் குறைக்கத் தகட்டை மெலிதாக்கி, துளைகளால் நிரப்பி, காலை நீட்டியிருக்கிறார்கள் அந்தத் தட்டார்கள். அலங்காரம் மேலே நிற்க வேண்டுமானால் தாங்குவது கீழே நீளவேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குக் கைவந்திருந்தது.

சீனப் பெண்களின் முடி இயல்பிலேயே தடித்தது, அதனால் நின்றது என்று ஒருவர் மறுக்கலாம். தடித்த முடியும் தானாக நிற்கவில்லை என்பதே பதில். தாங் காலத்து உயர்ந்த கொண்டைகளில் பொய்முடி தாராளமாகப் புழங்கியது. ஜப்பானில் எடோ காலத்துப் பெண்கள் தங்கள் கொண்டைகளுக்கு மெழுகும் எண்ணெயும் கலந்த கெட்டித் தைலத்தைப் பூசினார்கள். இன்றும் சுமோ மல்லர்களின் குடுமி அந்தத் தைலத்தால்தான் நிற்கிறது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் சீவும்போது உதிர்ந்த தங்கள் முடியையே ஒரு சிறு கிண்ணத்தில் சேர்த்துவைத்து, உருண்டையாக்கி, கொண்டைக்குள் திணித்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் சவுரி வைத்துப் பின்னியதும் இதே காரியம்தான். வரலாற்றுப் படங்களில் நாம் பார்த்து ஏங்கும் பெரிய கொண்டைகளில் பல, அந்தத் தலையில் விளைந்த முடி மட்டும் அல்ல. மெல்லிய முடிக்காரர் தன் தலையை அந்தப் படங்களோடு ஒப்பிட்டு வருந்துவது வீண்.

இனிச் சீப்புக்கு வருவோம். வாரும் சீப்பு வேறு, அணியும் சீப்பு வேறு. வாரும் சீப்பின் பல் முடிக்குள் புகுந்து வெளியே வந்துவிட வேண்டும். அணியும் சீப்பின் பல் புகுந்த இடத்தில் தங்க வேண்டும். அதனால் இதற்குப் பல் நீளம், எண்ணிக்கை குறைவு, மண்டையோட்டின் வளைவுக்கேற்ற குழிவு. இந்த வேறுபாடு மிகப் பழையது. ஜப்பானின் ஃபுக்குயி மாவட்டத்தில் தோரிஹாமா கிளிஞ்சல் மேட்டில் 1975இல் எடுத்த சீப்பு காமெலியா மரத்தில் செதுக்கிச் சிவப்பு அரக்குச் சாயம் பூசியது. வயது ஏறக்குறைய 6000 ஆண்டு. நின்ற வாக்கில் தலையில் செருகுவதற்கென்றே செய்த வடிவம் அது.

சீப்பைச் செருகுவதிலும் கவிழ்ப்புதான் சூட்சுமம். காதோரம் முடியைப் பின்னுக்கு இழுத்து, சீப்பின் குழிந்த பக்கம் வெளியே தெரிய, பற்கள் பின்னோக்கி இருக்கும்படி சிறிது முடியை வாரிக்கொள்ள வேண்டும். பிறகு சீப்பைக் கவிழ்த்துப் பற்களை முகத்தின் திசைக்குத் திருப்பி, தலைத்தோலை ஒட்டி முன்னுக்குத் தள்ள வேண்டும். பற்களுக்கிடையே வந்த முடி அப்போது மடிந்து இறுகும். அந்த மடிப்பே பிடி. மெல்லிய முடிக்கு நெருங்கிய பற்கள் வேண்டும். அகன்ற பற்களுக்கிடையே மெல்லிய இழைகள் நழுவிவிடும். பெரிய கொண்டைச் சீப்பு ஒன்றைவிடச் சிறிய பக்கச் சீப்புகள் இரண்டு மெல்லிய முடியில் உறுதியாக நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. சுமை இரண்டு இடத்தில் பிரிகிறது, ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய முடியும் குறைகிறது.

தாங்குவதை மறந்து அலங்காரத்தை மட்டும் வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு புவெனோஸ் ஐரிஸ் நகரம் ஒரு பாடம். ஸ்பெயினில் மந்தில்யா என்ற லேஸ் முக்காட்டைத் தூக்கிப் பிடிக்க உயரமான பெய்னெத்தாச் சீப்பு வழக்கத்தில் இருந்தது. 1820களில் அர்ஜென்டினா வந்த மானுவேல் மாத்தியோ மஸ்குலினோ என்ற ஸ்பானியச் சீப்புக் கைவினைஞர் அதை அகலத்தில் பெருக்கினார். பெய்னெத்தோன் என்று பெயர் பெற்ற அந்த ஆமையோட்டுச் சீப்பு 1830களில் ஒரு மீட்டர் அகலத்தைத் தொட்டது. குறுகிய நடைபாதைகளில் இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் கடக்க முடியாத நிலை. செசார் இப்போலித்தோ பாக்லே 1834இல் வெளியிட்ட கேலிச் சித்திரங்களில் இந்தச் சீப்புகள் வழிப்போக்கர்களின் கண்ணைக் குத்துகின்றன, தொப்பிகளைத் தட்டிவிடுகின்றன. ஆட்சியாளர் ரோசாஸின் உருவமும் கட்சி முழக்கமும் செதுக்கிய சீப்புகள்கூடச் செய்யப்பட்டன. சில ஆண்டுகளிலேயே மோகம் அடங்கிவிட்டது. அருங்காட்சியகங்களில் இன்று அவற்றைப் பார்க்கும் எவரும் சித்திர வேலைப்பாட்டை மெச்சுவார்கள். கீழே உள்ள பற்களையும் பார்த்தால், அந்த அகலத்தை அணிந்தவரின் கழுத்து எப்படித் தாங்கியிருக்கும் என்ற கவலையே மிஞ்சும்.

ஆமையோடு ஏன் இத்தனை நாடுகளில் சீப்புக்காரர்களின் முதல் தேர்வாக இருந்தது? அழுங்காமையின் முதுகில் உள்ள செதில் தகடுகள் கெரட்டினால் ஆனவை. நம் முடியும் நகமும் அந்தக் குடும்பத்துப் புரதமே. கொதிநீரில் இளகும், வளைத்த வடிவத்தில் ஆறும், சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தினால் பசையே இல்லாமல் இரண்டு தகடுகள் ஒன்றாக ஒட்டும். தேய்த்து மெருகேற்றினால் பல் கண்ணாடிபோல் வழுக்கும், முடியின் செதிலைக் கீறாது. எடையும் குறைவு. மெல்லிய முடிக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை இயற்கை தரவில்லை என்றே சொல்லலாம். அதனாலேயே அந்த ஆமை அழிவின் விளிம்புக்குப் போனது.

ஆமையோட்டுச் சீப்புக்கு இருந்த மதிப்புக்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கரையோரச் சிங்கள ஆண்கள் முடியைப் பின்னுக்கு வாரிப் பிடரியில் கொண்டை முடிந்து, உச்சியில் அரைவட்ட ஆமையோட்டுச் சீப்பு அணிந்தார்கள். சீப்பின் இரு முனைகளும் நெற்றிப்பக்கம் நோக்கியிருக்கும். வசதியுள்ளவர்கள் பின்னால் உயர்ந்த இன்னொரு சீப்பும் செருகினார்கள். அன்று அங்கே போன ஐரோப்பியப் பயணிகள் பலரும் ஆண்களையும் பெண்களையும் பிரித்தறியத் தடுமாறியதாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அரைவட்டச் சீப்பின் அமைப்பே முக்கியமாகப் படுகிறது. கொண்டைச் சீப்பு முடியைப் பிடித்துத் தொங்குகிறது. அரைவட்டச் சீப்போ வளைத்த தகட்டின் விசையால் மண்டையைக் கவ்வி நிற்கிறது. முடி மெலிதா தடிதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. இன்றைய ஹேர்பேண்டின் தத்துவம் இதுதான்.

அந்த அழகின் விலையை ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் பதிவுசெய்திருக்கிறார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்தவர் அவர். இறந்த ஆமையிலிருந்து எடுத்தால் ஓட்டின் நிறம் மங்கிவிடும் என்பதால், உயிருள்ள ஆமையைத் தீக்கு மேலே பிடித்து, சூட்டில் தகடுகள் கழன்றதும் உரித்துக்கொண்டு, விலங்கைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள் என்று எழுதுகிறார். படிக்கவே உடல் கூசுகிறது. 1977இல் அழுங்காமையின் சர்வதேச வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் அட்டவணையின்கீழ்த் தடைசெய்யப்பட்டது. நாகசாகியிலும் டோக்கியோவிலும் பெரும் ஆமையோட்டுத் தொழிலை வைத்திருந்த ஜப்பான் தனக்கு விலக்குக் கேட்டு இறக்குமதியைத் தொடர்ந்தது. 1992 முடிவில்தான் நிறுத்தியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமைக்கு உச்சகட்டப் பாதுகாப்பைத் தருகிறது. பழம்பொருள் என்ற பெயரில் இணையத்தில் வரும் ஆமையோட்டுச் சீப்பை வாங்குவதை எந்த அழகுணர்ச்சியாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆமைக்கு மாற்றாக வந்தது செல்லுலாய்டு. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையட் 1870இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆமையோட்டின் தேன் நிறத்தையும் கரும்புள்ளிகளையும் அப்படியே போலச்செய்ய முடிந்ததால் சீப்புக்காரர்கள் அதன்மேல் பாய்ந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டர் ஊர் 1770களிலிருந்து மாட்டுக்கொம்புச் சீப்பு செய்துவந்தது. செல்லுலாய்டு வந்தபின் அது சீப்பு நகரமாகவே பெயர் பெற்றது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதுதான் குறை. அந்த ஊரைத் தீ அழிக்கவில்லை, கத்தரிக்கோல் அழித்தது. 1910களின் நடுவில் நடனக்கலைஞர் ஐரீன் காசில் முடியைக் கத்தரித்துக்கொண்டார். 1920களில் பாப் வெட்டு உலகமெங்கும் பரவியது. செருகுவதற்குக் கொண்டை இல்லாதபோது சீப்பு எதற்கு? சாமுவேல் ஃபாஸ்டர் 1919இல் லெமின்ஸ்டரில் தொடங்கிய நிறுவனம் முதலில் செய்தது பெண்களின் தலைச் சீப்பு. 1929இல் அது அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் குளிர்க்கண்ணாடி விற்கத் தொடங்கியது. ஃபாஸ்டர் கிராண்ட் கண்ணாடிகளின் பிறப்பு அப்படித்தான்.

அந்த முறிவில் நாம் இழந்தது சீப்பை மட்டும் அல்ல. தாயிடமிருந்து மகளுக்குப் போன செருகும் கையும் அறுந்துபோனது. பின்னாளில் வந்த மலிவு பிளாஸ்டிக் சீப்புகள் அச்சில் வார்த்தவை. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் கூரிய வரம்பு ஒன்று நிற்கும். விரலால் தடவினால் தெரியும். மெல்லிய முடிக்கு இதுதான் முதல் எதிரி. முடி ஆண்டுக்குச் சுமார் 15 செ.மீ. வளர்கிறது என்றால், 75 செ.மீ. கூந்தலின் நுனி 5 ஆண்டு வயதானது. 5 ஆண்டு வெயிலையும் தலையணையையும் சீப்பையும் கண்ட அந்த நுனியில் செதில் அடுக்குகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதன்மேல் தினமும் ஒரு கூரிய வரம்பு உரசுவது அறுத்துக்கொண்டிருப்பதற்குச் சமம். தகட்டிலிருந்து அறுத்து, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே மெருகேற்றிய சீப்பு விலை கூடத்தான். ஆனாலும் மெல்லிய நீளமுடிக்காரர் பணம் போட வேண்டிய இடம் அது ஒன்றே.

பொருளைப் பற்றி ஒரு பெரிய கலைஞரின் தேர்வையும் சொல்ல வேண்டும். 1900ஐ ஒட்டிப் பாரிசில் புகழின் உச்சியில் இருந்த நகைக் கலைஞர் ரெனே லாலிக், தங்கமும் மணியும் கையில் இருந்தும், சீப்புகளுக்கு மாட்டுக்கொம்பை எடுத்தார். லிஸ்பனின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் உள்ள அவரது ஆர்க்கிட் பூ அணியில் தந்தப் பூவைத் தாங்குவது கொம்புச் சீப்புதான். கொம்பு மலிவு என்று மற்றவர்கள் ஒதுக்கிய பொருள். தலையில் அணியும் நகைக்கு இலேசு எவ்வளவு முக்கியம் என்று அவர் அறிந்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, மெல்லிய முடிக்கு எதைத் தேர்வது? கொம்பு, பாக்ஸ்வுட் போன்ற இழைநெருக்கமான மரம், செல்லுலோஸ் அசிடேட் ஆகிய மூன்றும் நல்லவை. பித்தளையும் வெள்ளியும் மெலிந்த கம்பியாக இருந்தால் சரி, தலையில் கல் பதித்த கனம் இருந்தால் வேண்டாம். கவையின் கால் கொண்டையின் குறுக்களவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டுமே நீளமாக இருக்கலாம். கொண்டை சிறியது என்பதால் பெரும்பாலும் 10 செ.மீ. போதும். நீளக் கவை அழகாகத் தெரிந்தாலும் சிறு கொண்டையில் ஆடிக்கொண்டே இருக்கும். கால்கள் மண்டையின் வளைவுக்கேற்பச் சற்றே வளைந்திருந்தால் முனை தோலை விட்டு விலகாது.

தலைக்குக் குளித்த அன்று கண்டிஷனர் பூசிய முடி அதிகம் வழுக்கும். மறுநாள் கொண்டை போட்டால் நன்றாக நிற்கும். ஈரம் முக்கால்வாசி காய்ந்தபின் தளர்வாகப் பின்னிவிட்டு, முழுவதும் காய்ந்ததும் அவிழ்த்தால் இழைகளில் நெளிவு தங்கும். ஈரத்தில் பிரிந்து காயும்போது மறுபடி சேரும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இது நடக்கிறது. நெளிவு கற்றையைப் பெருக்கிக் காட்டும், உரசும் இடங்களையும் கூட்டும். தேங்காய் எண்ணெய்க்கு இங்கே ஒரு நல்ல பங்கு உண்டு. முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைப்பதில் அது சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் விஞ்சியது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் கொண்டைக்கு முன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு, அதுவும் நுனிக்கு மட்டும். வழிய வழியத் தேய்த்தால் முறுக்கு கழன்றுவிடும்.

ரப்பர் பேண்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதால் நெற்றியோரம் வழுக்கை விழும் என்பது 1907லேயே பதிவான விஷயம். கிரீன்லாந்துப் பெண்களின் இறுக்கமான குடுமியில் அதைக் கண்டு எழுதியவர் டிரெபிட்ச் என்ற ஆய்வாளர். 40 கிராமில் அறும் இழைகளைத் தினமும் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டுவது என்ன விளைவைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிற மெல்லிய முடிப் பெண்கள் நம்மிடையே செய்வது பெரும்பாலும் இதையே. நன்றாகச் செருகிய கவையில் இழுவை பரவலாக இருக்கும். நாளுக்கு நாள் கொண்டையைச் சற்று மேலே, சற்று கீழே மாற்றிப் போட்டால் ஒரே வேர்மேல் சுமை விழாது. கவை செருகியும் தலை வலித்தால் முறுக்கு வேரில் தொடங்கும்போதே அதிகம் இறுகிவிட்டது என்று பொருள். வேருக்கு அருகில் தளர்வாகத் தொடங்கி நடுவிலிருந்து முறுக்கை ஏற்ற வேண்டும்.

அடர்த்தியும் மிகக் குறைந்தவர்களுக்கு இவையெல்லாம் முழுதாக உதவும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு சிறு சவுரியோ உள்ளே வைக்கும் முடி உருண்டையோ தேவைப்படும். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. தாங் அரண்மனைப் பெண்களும் அதைத்தான் செய்தார்கள். முடி திடீரென்று கொட்டினால் மட்டும் சீப்பைத் தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அழகுநிலையம் நடத்துகிறவர்களிடமும் பெண் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். மெல்லிய நீளமுடியோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் முறுக்குவதையும் கவிழ்த்துச் செருகுவதையும் ஒருமுறை கற்றுக்கொடுங்கள். கடைக்குப் போனால் சீப்பின் தலைப்பக்கக் கல்லைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டுத்துணியில் ஓட்டிப் பார்த்து நூல் சிக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.